கிழக்குப் பார்த்த பீப்பா

கிளிபோட்டுக்கு வாழ்க்கையில் பெரிய குறை என்று ஒன்றும் கிடையாது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் வீடு, வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் பச்சைமிளகாயும் காய்க்கிற துண்டு நிலம், இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பேரும் கரை சேர்ந்துவிட்டார்கள். மூத்தவள் ஒட்டாவாவில், இளையவள் கல்கரியில். முழங்கால் கொஞ்சம் முறுமுறுக்கும், சீனி கொஞ்சம் ஏறி இறங்கும். அவ்வளவுதான். ஆனாலும் அந்த மனிதர் அறுபத்தெட்டு வயதில் ஒரு பீப்பாவுக்காகப் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ, பெண்ணைப் பெற்றவன் கலியாண வீட்டில்கூட அந்தப் பாடு படமாட்டான்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் படிக்கவென்று இங்கிலாந்து போனார். படிப்பு அவருடன் ஒத்துப்போகவில்லை, அவரும் அதனுடன் மல்லுக்கட்டவில்லை. வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் பூட்டுச் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். வேலை முடிந்ததும் எல்லோரும் தெருமுனைப் பப்புக்குப் போவார்கள். முதல் நாள் இவர் போய், பியர் என்றால் குளிராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், இருக்கிறதிலேயே குளிரானதைத் தாருங்கள் என்று கேட்டார். முழுப் பப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் நின்ற மேற்பார்வைக்காரன், பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கறுப்பாக ஒன்றை வாங்கி நீட்டினான். அதற்குப் பேர் மைல்ட். கசப்பில்லை, பெரிய வெறியும் இல்லை. வறுத்த தானிய வாசம், நாக்கில் மெல்லிய இனிப்பு, பெட்டகத்துக்குள் வைத்து எடுத்ததுபோல ஒரு மிதமான குளிர்ச்சி. நாள் முழுக்க உலைக்கு முன்னால் நின்று வியர்த்தவன் இரண்டு மூன்று குடித்தாலும் நேராக நடந்து வீட்டுக்குப் போகலாம். உழைக்கிறவனுக்கென்றே பிறந்த பியர்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது ஊரிலிருந்து ஒரு சேதியும் வராமல் அவர் பேயறைந்தவர்போல இருந்த நாட்களில், அந்தப் பப்பில் ஒருவரும் ஆறுதல் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இவர் உள்ளே வந்து இருந்தால் கேட்காமலே ஒரு மைல்ட் முன்னால் வந்து நிற்கும். யாராவது ஒருவர் தன் குவளையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருப்பார். கடைசியில், தாயும் தம்பியும் சுகம் என்று சேதி வந்தது. அன்றைக்கும் ஒரு மைல்ட் வந்தது, கூடவே எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்த மனிதர்களை உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன் என்று மனைவி ஜெசிந்தாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு தமக்கை ஸ்பொன்சர் பண்ணிக் கனடா வந்தார். ஸ்காபரோவில் அச்சு வார்ப்புக் கருவிகள் செய்கிற பட்டறை ஒன்றில், தலைமயிரின் தடிப்புக்கூடப் பிசகாமல் உலோகம் கடைந்து, முப்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வெடுத்தார். ரொறன்ரோவில் கிடைக்காத பியர் இல்லை. மைல்ட் மட்டும் கிடைக்காது. இங்கிலாந்திலேயே பாதிப் பப்புகள் அதைக் கைவிட்டுவிட்டன என்று கேள்வி. கேட்டபோது சொந்தக்காரர் செத்த சேதி கேட்டதுபோல இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். "அந்தக் கறுத்தத் தண்ணிக்கு இவ்வளவு துக்கமே!" என்றாள் ஜெசிந்தா.

இப்படி இருக்கையில்தான் ஜோசுவா வந்து சேர்ந்தான். அவர்கள் போகிற தமிழ்க் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த பையன், இப்போது நாற்பது வயது. வங்கியில் இருந்த நல்ல கம்பியூட்டர் வேலையை விட்டுவிட்டு, யூனியன்வில்லுக்குப் போகிற வழியில், கார்க் கண்ணாடி மாற்றுகிற கடைக்கும் கராத்தே வகுப்புக்கும் நடுவில், பியர் காய்ச்சி அங்கேயே ஊற்றி விற்கிற ஒரு சின்ன பிறூவரி போட்டிருந்தான். பெற்றதாய் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. தகரப் பேணியில் பியர் அடைக்கிற அவனுடைய இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும். கிளிபோட் போய்த் திருத்திக் கொடுப்பார். கூலி வேண்டாம் என்பார். வேண்டாம் என்றாலும் அவன் விடமாட்டான். ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டுவான்.

"என்ன அங்கிள், எப்பிடி இருக்கு?"

"உது பியரே? மாம்பழ யூஸுக்குள்ள ஆரோ கோபத்தில வேப்பிலையைப் போட்ட மாதிரி இருக்கு."

"அப்ப உங்களுக்கு எது பியர்? சொல்லுங்கோ, செய்து காட்டுறன்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றைக்குத் தொடங்கியவர் மைல்ட், மைல்ட் என்று அவன் காதைத் தின்றுவிட்டார். கிளிபோட்டுக்குப் பியர் காய்ச்சத் தெரியாது. சுவை மட்டும்தான் தெரியும். காய்ச்சத் தெரிந்தவன் ஜோசுவா, ஆனால் அவன் அந்தச் சுவையைக் கண்டதில்லை. பழைய முறைகளைத் தேடிப் படித்து, கறுக்க வறுத்த தானியத்தைக் கொஞ்சமாகச் சேர்த்து, முதல் தடவை காய்ச்சினான். கிளிபோட் ஒரு வாய் வைத்துவிட்டு, "கசக்குது" என்றார். இரண்டாம் தடவை தண்ணீராகப் போனது. மூன்றாம் தடவை அவர் ஒரு வாய் வைத்தார். கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய், கார் நிறுத்துகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. இதுதான் அந்தச் சுவை என்று ஜோசுவாவுக்கு விளங்கிவிட்டது.

ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. அவனிடம் இருந்தது நாலே நாலு தொட்டி. கோடை வருகிறது, மாம்பழ பியருக்குச் சனம் வரிசையில் நிற்கும்.

"அங்கிள், ஒரு பெரிய பீப்பா வைப்பம். சனிக்கிழமை திறக்கிறம். ஞாயிறு கடை பூட்டுறதுக்குள்ள அது முடிஞ்சுதெண்டால் நாலு தொட்டியில ஒண்டு வருசம் முழுக்க மைல்டுக்கு. முடியாட்டில், ஸொறி அங்கிள், மாம்பழத்துக்குப் போயிடும்."

"நியாயம்" என்றார் கிளிபோட்.

இந்தப் பீப்பா பியர் இருக்கிறதே, அது உயிருள்ள சாமான். மற்ற பியர்போல வடித்து அடைத்து வைப்பதில்லை. பியரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் உயிரோடு உள்ளேயே இருக்கும். பீப்பாவைப் படுக்க வைத்து ஆற விட்டால் அது மெல்ல மெல்ல இறங்கி அடிவயிற்றில் மண்டியாகப் படியும். மேலே பியர் தெளியும். படிந்த பிறகு பீப்பாவைத் தொடக்கூடாது, தட்டக்கூடாது, பக்கத்தில் நின்று பலமாகத் தும்மவும் கூடாது என்பார் கிளிபோட். அசைந்தால் மண்டி எழும்பிவிடும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கவேண்டும். திறந்த பீப்பா நாலாம் நாள் புளித்துவிடும் என்பதால் காத்திருக்கவும் நேரமில்லை.

பீப்பாவைப் படுக்க வைக்கிற ஸ்ராண்டைச் செய்தது கிளிபோட்தான். வீட்டுக் கராஜுக்குள் இரும்பு வெட்டி, ஒட்டி, குளிர் அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வர வசதியாக நாலு சில்லும் பூட்டினார். காலால் ஒரு கட்டையை மிதித்தால் சில்லு இறுகும், மறுபடி மிதித்தால் விடும். அந்தப் பூட்டின் அழகை ஜெசிந்தாவுக்கு எத்தனை தரம் மிதித்து மிதித்துக் காட்டினார் என்று கணக்கில்லை. அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாலும் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு ஸ்ராண்டை ஜோசுவாவின் கடையில் வாசலுக்கு நேரே வைத்துப் பீப்பாவைப் படுக்க வைத்தார். உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் படவேண்டும் என்பது அவருடைய ஆசை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பித்தளைக் குழாயை மரச்சுத்தியலால் அடித்து இறக்கி, ஒரு வாய் பிடித்து, லைற்றுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பால் விடாமல் நல்ல சாயம் இறங்கின பிளேன் ரீபோலப் பளிச்சென்று சிவந்து நின்றது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

சனிக்கிழமை காலை ஜோசுவாவும் அவரும் யூனியன்வில்லில் பழைய சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனார்கள். பிடி வைத்த கண்ணாடிக் குவளைகள் அங்கே இருப்பதாக அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஜோசுவாவின் கடையில் ஜெசிந்தாவும், பக்கத்து வீட்டு இராஜேஸ்வரியும் நின்றார்கள். இராஜேஸ்வரி வீட்டில் சமைத்து ஓடருக்குக் கொடுக்கிறவள். அன்றைய திறப்புக்கு ரோல்ஸும் கட்லற்றும் கடலையும் அவளுடையவை. இருபது வருட அயல். கொத்தமல்லி இலையிலிருந்து குழந்தைப்பேறு வரை எல்லாம் வேலிக்கு மேலால் போய் வந்த பழக்கம்.

குவளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த கிளிபோட் வாசலிலேயே நின்றுவிட்டார். பீப்பாவின் வாய் தன்னைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்துக்கு மேலே குங்குமம். ஒரு சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய்.

"உதை ஆர் தொட்டது?"

இராஜேஸ்வரி ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சந்தோசமாக வந்தாள். "நான்தான் அண்ணை. நல்ல காலம் நான் கண்டன். தெற்கைப் பார்த்துக்கொண்டெல்லோ நிண்டது! எமன்ரை திசை. முதல்முதல் துறக்கிற சாமானை ஆரும் தெற்கைப் பார்க்க வைப்பினமே? கிழக்கைப் பார்க்கத் திருப்பி விட்டிட்டன். இனி ஒரு குறையும் வராது."

கிளிபோட் நேரே போய்க் குழாயைத் திறந்து ஒரு குவளையில் பிடித்தார். அரிசி கழுவின கழனித் தண்ணீர்போலக் கலங்கி, மண்ணிறமாக வந்து விழுந்தது. வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதை என்பார்களே, அது வேறு என்ன? அவருக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"உங்கட சாத்திரமும் மண்ணாங்கட்டியும்! உங்களை ரோல்ஸ் கொண்டுவரச் சொன்னதோ, பீப்பாவுக்குப் புதுவீட்டுக் குடிபூரல் செய்யச் சொன்னதோ? ஒரு வருசத்து வேலை! ஒரு வருசத்து வேலையை ஒரு நிமிசத்தில நாசமாக்கிப் போட்டு நிண்டு சிரிக்கிறியள்!"

இராஜேஸ்வரியின் முகம் சுருங்கிப் போனது. ஜெசிந்தா ஒரு தட்டை எடுத்து, ஏற்கனவே அடுக்கியிருந்த ரோல்ஸைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். அவள் ஏன் வாயே திறக்கவில்லை என்று அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை.

"நான் நல்லதுக்கெண்டுதான் செய்தனான் அண்ணை" என்றாள் இராஜேஸ்வரி. குரல் தழுதழுத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, மூடியிருந்த கட்லற் தட்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜோசுவா கலங்கின குவளையைத் தூக்கி மணந்து பார்த்தான், ஒரு வாய் குடித்தும் பார்த்தான். "அங்கிள், ரிலாக்ஸ். ரேஸ்ற் பழுதில்லை. இஞ்ச சனம் கலங்கல் பியருக்குத்தான் காசு குடுக்குது. கலங்கலுக்கு இங்கிலிசில ஹேஸி, போர்டில அந்த ஒரு சொல்லு எழுதி விடுவம், ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அங்கிள்..."

"உன்ர மாம்பழத்துக்குக் கலங்கல் அழகு, நான் இல்லையெண்டேல்லை. இதுக்கு அது நோய். முதல்முதல் குடிக்கிறவன் இதைக் குடிச்சிட்டு, மைல்ட் எண்டால் இதுதானாக்கும் எண்டு போயிடுவான். பிறகு அவனை ஆர் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறது?"

"அப்ப நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆக்களே வாறேல்லை. தெரியும்தானே?"

"தெரியும்."

பீப்பாவை மறுபடி வாசல் பக்கம் திருப்பினால் இன்னொரு தரம் கலங்கும். ஆகவே அது கிழக்கைப் பார்த்தபடியே நின்றது. கிளிபோட் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தொட்டில் பிள்ளைக்குக் காவல் இருக்கிறவர்போல இருந்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்தார்கள். புதுப் பியர் எங்கே? ஏன் இந்தப் பெரியவர் இப்படி இருக்கிறார்? பீப்பாவுக்கு ஏன் பொட்டு? முதல் ஆளுக்குக் கோபத்தோடு சொன்னார். மூன்றாம் ஆளுக்குச் சலிப்போடு சொன்னார். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் கேட்டுவிட்டு, தங்கள் அம்மாவும் புதுக் காரின் நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்ததாகச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு கதை தானாகவே மெருகேறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் கடைசியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "இண்டைக்கு நித்திரை. நாளைக்கு எழும்பும். வாங்கோ."

பின்னேரம் லாவ் என்ற ஹொங்கொங் முதியவர் வந்தார். பேரன் பக்கத்தில் கராத்தே பழகுகிற நேரத்தில் இங்கே அரைக் கிளாஸ் குடித்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். முழுக் கதையையும் கேட்டார். எழுந்து போய் வாசலைப் பார்த்தார், பீப்பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், சிரிக்காமல் சொன்னார்: அந்தப் பெண்மணி செய்ததுதான் சரி. வாசலைப் பார்த்துக் குழாயைத் திறந்து வைத்தால் வீட்டுச் செல்வம் எல்லாம் நேரே வெளியே ஓடிவிடும், இது கூடவா தெரியாது? கிளிபோட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எமனுக்குத் தப்பினாலும் சீனச் சாத்திரத்துக்குத் தப்ப முடியாது போலிருக்கிறது.

அந்திப்பட ஜெசிந்தாவும் அவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். நெடுஞ்சாலை ஏழில் எப்போதும்போல நெரிசல். கோபம் இறங்கிவிட்டால் கிளிபோட்டின் மூளை கைத்தொழில்காரனின் மூளை. ஒரு சின்னப் பிசகு கண்ணில் பட்டால் விடாது.

"ஜெசி, ஒண்டு விளங்கேல்லை. சில்லு நான் இறுக்கி விட்டது. கட்டையை மிதிச்சாத்தான் விடும். அது ராஜேசுக்கு எப்பிடித் தெரியும்?"

ஜெசிந்தா முன்னால் நின்ற லொறியின் இலக்கத்தகட்டை ஊன்றிப் பார்த்தாள். "நான்தான் மிதிச்சனான்."

"என்ன?"

"ராஜேஸ் ஒரு பக்கம் பிடிச்சவ, நான் மற்றப் பக்கம் பிடிச்சனான். அவ தனியத் தள்ளக்கூடிய பாரமே அது?"

"நீ வேதக்காரி, மாதாவைக் கும்பிடுறவள்! உனக்கென்ன தெற்கும் வடக்கும்?"

"எமனுக்கு வேதக்காரர் சைவக்காரர் எண்டு பார்க்கத் தெரியுமே? உங்கட ஆசைச் சாமான். நல்லா வரவேணும் எண்டு எனக்கும் இருக்காதே?"

கிளிபோட் சிக்னலில் பச்சை விழுந்ததையும் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். கொஞ்சத் தூரம் போனபின், "அப்ப நான் ஏசேக்கை நீ ஏன் வாய் துறக்கேல்லை?" என்று கேட்டார்.

"உங்கட முகத்தைப் பார்த்துப் பயந்து போனன்" என்றாள் அவள். "அது என்ர பிழைதான். ஆனால் ஏசினது நீங்கள்."

வீட்டில் இறங்கியதும் அவர் நேரே இராஜேஸ்வரி வீட்டுக் கதவடியில் போய் நின்றார். மணியடிக்கக் கை போனது. ஆனால் என்ன சொல்வது? இருபது வருடத்தில் அந்த வீட்டு மணியை வெறுங்கையோடும் வெறும் வாயோடும் அவர் அடித்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கடைக்கு ஓடினார். குழாயைத் திறந்து ஒரு வாய் பிடித்தார். தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமையைவிட அழகாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கண்ணாடிக்கு மறுபக்கம் பிடித்த விரலின் ரேகை தெரிந்தது. மேலே மெல்லிய நுரை. "அப்பாடா!" என்று கதிரையில் விழுந்தார்.

கடை திறந்தது. ஒருவர் வந்தார், வேறு பியர் வாங்கிக்கொண்டு போனார். இருவர் வந்தார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். சுவர் மணிக்கூடு தன்பாட்டில் ஓடியது. ஜோசுவா அவரைப் பார்க்காமல் கண்ணாடி துடைத்தான். பாவம், அவனுக்கும் மனசில்லை. பீப்பா முழுதாக நிறைந்து கிடந்தது. இனி மாம்பழம்தான் என்று கிளிபோட் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

பீப்பாவைத் தேடி முதலில் வந்தவர் லாவ். பின்னால் அவரோடு மாஜொங் என்ற சீன ஆட்டம் விளையாடுகிற ஐந்து கிழவர்கள். வந்தவர்கள் நேரே பீப்பாவடிக்குப் போய், அது நிற்கிற திசையைத் தங்களுக்குள் விவாதித்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத்தான் இருந்தார்கள். ஆளுக்கு ஒன்று. குளிர் இல்லாத பியரைக் கண்டு அவர்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுடுதண்ணீர் குடித்து வளர்ந்த சனம். பிறகு நேற்று வயிற்றைப் பிடித்துச் சிரித்த நாலு பிள்ளைகளும் வந்தார்கள், பத்துப் பேராக. பீப்பாவின் பொட்டோடு நின்று படம் எடுத்தார்கள். நேற்றுக் கதை கேட்டுப் போன மற்றவர்களும், "எழும்பிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கலங்கலை ஊற்றியிருந்தால் இவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்?

சனத்துக்கு நடுவால் இராஜேஸ்வரி வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் வாழையிலையில் சுற்றின ஒரு பொட்டலம். பின்னால் அவள் கணவன் ஸ்ரீதரன், வேட்டியோடு. கிளிபோட் எழுந்து நின்றார். முழங்காலும் முறுமுறுக்க மறந்துவிட்டது.

"அண்ணை, றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு ஒரு அருச்சனை செய்துகொண்டு வாறன். உங்கட பேருக்குத்தான். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அவர் வேதக்காரர் ஐயா, நட்சத்திரம் கிடையாது எண்டன். அப்ப சுவாமி பேருக்கே செய்யிறன் எண்டு செய்தவர். இந்தாங்கோ." பொட்டலத்தை நீட்டினாள். "தெளிஞ்சுதோ?"

இந்த மனுசியையா நேற்று அப்படி ஏசினோம் என்று கிளிபோட் குறுகிப்போனார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ராஜேஸ், நான் நேற்று..."

"அதை விடுங்கோ. நான் கேட்டுச் செய்திருக்கவேணும்."

"இல்லை. நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அதோடை..." மனைவி பக்கம் திரும்பினார். "மற்றப் பக்கம் பிடிச்ச ஆளையும் பிடிச்சிட்டன்."

இராஜேஸ்வரி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா இராஜேஸ்வரியைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிளிபோட் ஒரு குவளையில் பிடித்து, அவள் குடிக்கமாட்டாள் என்று தெரிந்தும், அவள் கையில் கொடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கச் சொன்னார். அவள் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய காப்பு மறுபக்கத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

"என்ன வடிவாய் இருக்கு! எங்கட பிளேன் ரீ மாதிரி" என்றாள். அந்தக் குவளையைத் தூக்கின கையோடு ஸ்ரீதரனிடம் கொடுத்துவிட்டாள்.

ஸ்ரீதரன் ஒரு வாய் குடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான். "என்ன அண்ணை, குளிரே இல்லை? கசாயமோ?"

"பேசாமல் குடியும்."

குடித்தான். இரண்டாவதும் கேட்டான். பிறகு வெளியே போய்ப் போனில் தன்னோடு சீட்டு விளையாடுகிற கூட்டத்தைக் கூப்பிட்டான். ஸ்ரீதரனின் கூட்டம் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்லற் முடிந்தது, கடலை முடிந்தது. ஜெசிந்தாவும் இராஜேஸ்வரியும் தட்டுத் தூக்கிக் களைத்தார்கள். லாவின் கூட்டமும் ஸ்ரீதரனின் கூட்டமும் ஒரு மேசையில் சேர்ந்துவிட்டன. ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லை, சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. ஒரு மூலையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். கிளிபோட் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வேறொரு பப், வேறு முகங்கள். இருந்தாலும் அதே சத்தம்.

கடை பூட்ட இன்னும் நேரம் இருந்தது. குழாய் இருமத் தொடங்கியது. கடைசியாக அரைக் குவளை வந்தது, அதுவும் அடிமண்டியோடு, கழனித் தண்ணீராக. ஜோசுவா வெறும் பீப்பாவை விரலால் தட்டிப் பார்த்தான், டொங்கென்றது. அவன் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"தொட்டி உங்களுக்குத்தான் அங்கிள். மாம்பழம் வேற இடம் பார்க்கட்டும்."

ஜெசிந்தா அந்தக் கலங்கின அரைக் குவளையை எடுத்துக்கொண்டு வந்து கிளிபோட்டுக்கு முன்னால் வைத்தாள். ஒன்றும் பேசாமல் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். நாள் முழுக்க ஊற்றிக் கொடுத்த மனிதர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதை அவள் ஒருத்திதான் கவனித்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். கலங்கல் என்று பாராமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அதைவிட நல்ல மைல்டை அவர் வாழ்க்கையில் குடித்ததில்லை.

அடுத்த கிழமை இரண்டாவது பீப்பா வருவதற்கு முன், கிளிபோட் கருவிப் பெட்டியோடு கடைக்குப் போனார். ஸ்ராண்டின் நாலு சில்லையும் கழற்றி எறிந்தார். நிலத்தில் துளை போட்டு, கால்களை போல்ற் வைத்து இறுக்கினார். இனி வருகிற பீப்பாவின் வாய் கிழக்கைத்தான் பார்க்கும்.

"அங்கிள், உப்பிடி நிண்டால் ஊத்திறவன் ஒவ்வொரு தரமும் உடம்பை முறுக்கியெல்லோ ஊத்தவேணும்?" என்றான் ஜோசுவா.

"முறுக்கி ஊத்தட்டும், இடுப்புக்கு நல்லது. எனக்கு உதில நம்பிக்கை இருக்கெண்டு நினையாதை. ஆரும் தொடாமல் இருக்கத்தான் செய்யிறன்."

அந்த நேரம் பார்த்து ரோல்ஸ் தட்டோடு உள்ளே வந்தாள் இராஜேஸ்வரி. தட்டை வைத்துவிட்டு, ஸ்ராண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு போனை எடுத்து, அதில் இருந்த திசைகாட்டியைத் திறந்து, பீப்பா வைக்கிற இடத்துக்கு நேரே பிடித்தாள். இந்த முறை ஒன்றையும் தொடவில்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஒரு பொட்டு வடக்குப் பக்கம் சாயுது."

கிளிபோட் அவளைப் பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கி நிலத்தில் இருந்து, ஸ்பானரை எடுத்து, முதல் போல்ற்றைக் கழற்றத் தொடங்கினார்.